ஸ்டேக் உள்ள பிங்க்கா இருந்தா பயப்படணுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல மாட்டுக்கறியில இருக்கிற இரும்புச்சத்து பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஸ்டேக், அதாவது கனமா வெட்டி முழுத்துண்டா சட்டியில வாட்டி எடுக்கிற மாட்டுக்கறி, பத்தியே இருந்தது. வெளிநாட்டுல இருக்கிறவங்க, இங்க யூட்யூப் பாத்துட்டு முயற்சி பண்றவங்க, சாப்பிட வேண்டாம்னு மத்தவங்க சொல்லிக் கேட்டவங்க, எல்லாரும் கேட்டிருக்கீங்க. அதனால இந்த வாரம் முழுக்க அதுதான்.

நாங்கள் டொரொண்டோவில இருக்கிறம். மகனுக்கு 9 வயசு, ஸ்டேக் வேணும் எண்டு கேக்கிறான். நான் சமைச்சால் கடிக்கவே ஏலாமக் கிடக்கு. கடையில வாங்கினால் உள்ளுக்குள்ள பிங்க்கா இருக்கு, வெட்டினால் ரத்தம் வருது, பாக்கவே பயமாக் கிடக்கு. அரைகுறையா வெந்த இறைச்சிய பிள்ளைக்குக் குடுக்கலாமோ?

அக்கா, முதல்ல ஒண்ணு, அது ரத்தம் இல்ல. ரத்தம் மாட்டை அறுக்கும்போதே பெரும்பாலும் வடிஞ்சு போயிடும். தட்டுல நீங்க பாக்குறது தசைக்குள்ள இருந்த தண்ணியும் அதுல கரைஞ்சிருக்கிற மயோகுளோபின்ங்கிற புரதமும். ரத்தத்துல ஹீமோகுளோபின் மாதிரி தசைக்குள்ள ஆக்சிஜனை பிடிச்சு வைக்கிறது இதுதான். இதுலயும் இரும்பு இருக்கு, அதனாலதான் சிவப்பு. கோழியோட நெஞ்சுக்கறியில இது ரொம்ப கம்மி, அதான் வெள்ளையா இருக்கு, மாட்டுல ஜாஸ்தி. சூடு 60 டிகிரி செல்சியஸ் பக்கம் போகும்போது சிவப்பு குறைஞ்சு பழுப்பாக ஆரம்பிக்கும், 70 தாண்டினா சாம்பல் கலந்த பழுப்பாயிடும், அதே நேரத்துல தசை நார் எல்லாம் சுருங்கி உள்ள இருக்கிற தண்ணிய வெளிய தள்ளிடும், நீங்க கடிக்க முடியலன்னு சொல்றது அந்த கட்டத்தைத்தான். பிங்க் போயிடணும்னு நீங்க அடுப்புலயே விட்டு வைக்கிறீங்க, கறி காஞ்சு போகுது.

இப்ப பாதுகாப்பு விஷயம், இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. முழுசா வெட்டின ஸ்டேக் துண்டுல கிருமி இருந்தா அது பெரும்பாலும் வெளிப்பக்கத்துலதான் இருக்கும், தசைக்கு நடுவுல இருக்காது. வெளிப்பக்கம் சட்டியில பட்டு நல்லா நிறம் மாறும்போது அந்த கிருமி செத்துடும். ஆனா கொத்துக்கறி அப்படி இல்ல, அரைக்கும்போது வெளிய இருந்தது எல்லாம் உள்ள கலந்துடுது, அதனால பர்கர் உள்ள பிங்க்கா இருந்தா பிள்ளைக்கு குடுக்கவே குடுக்காதீங்க, நடுவுல 71 டிகிரி வந்தாகணும். மூணாவது ஒரு வகை இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியாது. கறி மெத்துன்னு இருக்கணும்னு ஆலையிலயே ஊசி மாதிரி சின்ன கத்திகளால குத்தி விடுவாங்க, அப்ப வெளியில இருக்கிற கிருமி உள்ள போயிடும். பாத்தா வித்தியாசமே தெரியாது. 2012-ல கனடாவோட ஆல்பர்ட்டா மாகாணத்துல ஈ.கோலை கிருமி பிரச்சினை பெருசா வந்து கறிய எல்லாம் திரும்ப வாங்கினாங்களே, அதுக்கப்புறம் 2014 ஆகஸ்ட்ல இருந்து உங்க நாட்டுல இந்த மாதிரி குத்தின கறிக்கு லேபிள் ஒட்டணும்னு சட்டமே இருக்கு. பாக்கெட்டை வாசிச்சுப் பாருங்க. அப்படி போட்டிருந்தா நடுவுல 63 டிகிரி வரணும், வேகும்போது குறைஞ்சது ரெண்டு தடவையாவது திருப்பிப் போடணும்னு அதுலயே எழுதியிருக்கும்.

நடுவுல பிங்க்கா இருக்கிற பக்குவத்தை மீடியம் ரேர்னு சொல்லுவாங்க, கனடா சுகாதாரத் துறை முழு ஸ்டேக்குக்கு மீடியம் ரேர்னு சொல்றதே 63 டிகிரிதான். ஹோட்டல்ல மீடியம் ரேர்னு குடுக்கிறது 55, 57 பக்கம் இருக்கும், நல்ல ஆரோக்கியமான பெரியவங்க அதை சாப்பிடுறது அவங்க இஷ்டம், 9 வயசு பிள்ளைக்கு நான் 63-க்கு கீழ சொல்ல மாட்டேன். 63-ல இறக்கி மூணு நிமிஷம் அப்படியே வச்சா அமெரிக்க விவசாயத் துறை சொல்ற கணக்குக்கும் சரியா வந்துடும். நடுவுல லேசா பிங்க் இருக்கும், கடிக்க மெதுவா இருக்கும். வீட்டுல கர்ப்பிணியோ, 5 வயசுக்கு கீழ குழந்தையோ, ரொம்ப வயசானவங்களோ, புற்றுநோய்க்கு கீமோ மருந்து எடுக்கிறவங்களோ இருந்தா அவங்களுக்கு மட்டும் 71 வரைக்கும் விடுங்க, கொஞ்சம் காஞ்சாலும் பரவாயில்ல.

இதெல்லாம் எப்படி தெரியும்னா, ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க அக்கா. கறிக்குள்ள குத்திப் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஒரு பக்கம் நாலு நிமிஷம், அடுத்த பக்கம் மூணு நிமிஷம்னு எழுதியிருக்கிற எந்த ரெசிபியும் உங்க அடுப்பையும் உங்க துண்டோட கனத்தையும் பாக்கல. விரலால அமுக்கிப் பாக்குறது தினமும் நூறு ஸ்டேக் போடுற சமையல்காரருக்கு சரி, மாசத்துக்கு ஒரு தடவை செய்யுற நமக்கு கை பழகாது. நிறத்தை வச்சும் சொல்ல முடியாது, சில கறி 63 வர்றதுக்கு முன்னாடியே பழுப்பாயிடும், சிலது தாண்டியும் பிங்க்காவே நிக்கும்.

செய்முறை சொல்றேன். ஒரு இஞ்ச் கனத்துக்கு, அதாவது ரெண்டரை சென்டிமீட்டர் இருக்கிற துண்டா வாங்குங்க, மெல்லிசா வாங்கினா வெளிய நிறம் வர்றதுக்குள்ள உள்ள முழுக்க வெந்துடும். 300 கிராம் துண்டுக்கு அரை டீஸ்பூன் உப்பு. சமைக்கிறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி தடவி ஃப்ரிட்ஜ்ல திறந்தே வைங்க, இல்லன்னா சட்டியில போடுறதுக்கு சரியா முன்னாடி தடவுங்க, நடுவுல பத்து நிமிஷம் இருபது நிமிஷம் முன்னாடி போட்டா தண்ணி விட்டு மேல நிக்கும், அது உள்ள திரும்ப இழுக்க நேரம் பத்தாது. பேப்பர் டவலால ரெண்டு பக்கமும் ஈரம் சுத்தமா ஒத்தி எடுங்க, இதுதான் ரொம்ப முக்கியம், ஈரமா இருந்தா சட்டியோட சூடெல்லாம் அந்த தண்ணிய ஆவியாக்கவே போயிடும், நிறம் வராது. நம்ம வீட்டு இரும்பு தோசைக்கல்லே போதும், நல்லா கனமா இருந்தா. புகை லேசா வர ஆரம்பிக்கிற வரைக்கும் காய வச்சு, ரீஃபைண்ட் கடலெண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு கறிய போடுங்க. ஒரு தடவைதான் திருப்பணும்னு சொல்லுவாங்க, அது கட்டாயம் இல்ல, அரை நிமிஷம் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிட்டே இருந்தா சீக்கிரமும் வேகும், ஓரத்துல பட்டையா காயாம உள்ள ஒரே மாதிரியும் வேகும். ரெண்டு பக்கமும் நிறம் வந்ததும் தீயை குறைச்சு ஒரு ஸ்பூன் வெண்ணெய், ரெண்டு பூண்டு பல்லு தட்டிப் போட்டு அந்த வெண்ணெயை கரண்டியால கறி மேல ஊத்திட்டே இருங்க. வெண்ணெயை ஆரம்பத்துலயே போட்டா கருகிடும். தெர்மாமீட்டரை பக்கவாட்டுல நடு வரைக்கும் குத்தி, 60, 61 காட்டும்போது இறக்குங்க, மீதி ரெண்டு மூணு டிகிரி தட்டுல இருக்கும்போது தானே ஏறும், ஏறி 63 காட்டினதும் அங்க இருந்து மூணு நிமிஷம் எண்ணுங்க. அப்புறம் நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்து அதுக்கு குறுக்கால வெட்டுங்க.

ஆம்பூர்ல இருந்து எழுதுறேன். என் மகளுக்கு 16 வயசு, ஹீமோகுளோபின் 9 தான் இருக்குன்னு சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தார். மாத்திரை சாப்பிட்டா வயித்த பொரட்டுதுன்னு சொல்றா. அதுக்கு பதிலா வாரம் நாலு நாள் பீஃப் குடுத்தா சரியாயிடுமா? ஸ்டேக் மாதிரி செஞ்சாதான் சத்து போகாதுன்னு சொல்றாங்களே?

மாத்திரைய நிறுத்தாதீங்கம்மா. கெஞ்சிக் கேக்குறேன், இந்த ஒண்ண மட்டும் கேளுங்க. கணக்கு பாருங்க, கொழுப்பில்லாத வெந்த மாட்டுக்கறி 100 கிராம்ல இரும்புச்சத்து ரெண்டரைல இருந்து 3 மில்லிகிராம் வரைக்கும் இருக்கும். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேணும்னு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2020-ல சொன்ன அளவு 29 மில்லிகிராம். அரசு ஆஸ்பத்திரியில குடுக்கிற ஒரு இரும்புச்சத்து மாத்திரையில 60 மில்லிகிராம் இருக்கு. 9-ல இருக்கிற ரத்தத்தை ஏத்தணும்னா கறி மட்டும் பத்தவே பத்தாது. வயித்த பொரட்டினா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற வகை மாத்திரை இருக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுற முறையும் இருக்கு, அவர் மாத்திக் குடுப்பார். மாதவிடாய் ரொம்ப போகுதா, வயித்துல பூச்சி இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க, ஓட்டைய அடைக்காம ஊத்திட்டே இருந்தா நிறையாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல 15ல இருந்து 49 வயசு பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு, நூத்துல 57 பேர், நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான் இவங்க எல்லாம், இதை சாதாரணமா எடுத்துக்கவே கூடாது.

ஆனா மாத்திரையோட கூட கறியும் குடுங்க, ரொம்ப நல்லது. கறியில இருக்கிறது ஹீம் இரும்பு, அதுல 15ல இருந்து 35 சதவீதம் உடம்பு இழுத்துக்கும். கீரை, பருப்புல இருக்கிறது வேற வகை, அதுல 2ல இருந்து 20 சதவீதம்தான், அதுவும் கூட என்ன சாப்பிடுறோம்னு பொறுத்து. இதுல ஒரு அருமையான விஷயம், கறியோட சேத்து கீரையோ பயறோ சாப்பிட்டா அந்த கீரையில இருக்கிற இரும்பையும் உடம்பு ஜாஸ்தியா எடுத்துக்கும். எலுமிச்சை பிழிஞ்சுக்கிட்டா இன்னும் நல்லது. சாப்பிட்ட உடனே டீ குடிக்கிற பழக்கம் இருந்தா அதை ஒரு மணி நேரம் தள்ளி வைங்க, அதுல இருக்கிற டானின் இரும்பை பிடிச்சு வச்சுக்கும்.

ஸ்டேக்கா செஞ்சாதான் சத்துங்கிறது தப்பு. இரும்பு சூட்டுல அழியாது, குழம்பா வச்சா கொஞ்சம் குழம்புக்குள்ள இறங்கும், குழம்பை சோத்துல ஊத்தி சாப்பிடத்தானே போறோம். துத்தநாகமும் அப்படித்தான். பி வைட்டமின்ல சிலது சூட்டுலயும் தண்ணியிலயும் குறையும், அதுக்காக கவலைப்பட வேண்டாம், 100 கிராம் கறியிலயே பி12 ஒரு நாள் தேவைக்கு கிட்டத்தட்ட வந்துடும். நாலு நாள் வேண்டாம், வாரத்துக்கு மூணு நாள், ஒரு தடவைக்கு வெந்த கறி 100 கிராம் போதும். ஈரல்ல இரும்பு இன்னும் ஜாஸ்தி, வாரம் ஒரு நாள் சேத்துக்கலாம், ஆனா கர்ப்பமா இருக்கிறவங்க ஈரல் சாப்பிடக்கூடாது, அதுல வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கு.

அண்ணே, நான் சென்னை பெரம்பூர். கறிக்கடையில எலும்பில்லாத பீஃப் வாங்கி யூட்யூப்ல பாத்த மாதிரியே செஞ்சேன், ரப்பரா வந்துச்சு. எங்க தப்பு?

தப்பு உங்க மேல இல்ல தம்பி, கறி வேற. அந்த வீடியோவுல இருக்கிற மாடு கறிக்குன்னே வளத்தது, ரெண்டு வயசு பக்கத்துல அறுத்தது, அதுக்கப்புறம் குளிர் அறையில ரெண்டு மூணு வாரம் வரைக்கும் வச்சிருப்பாங்க, அந்த நேரத்துல தசையில இருக்கிற என்சைம்களே நாரை மெதுவா உடைச்சு விடும். நம்ம கடையில கிடைக்கிறது பெரும்பாலும் எருமை, இல்லன்னா உழுது வண்டி இழுத்து வயசான மாடு. வேலை செஞ்ச தசையில கொலாஜன், அதாவது தசையைப் பிடிச்சு வைக்கிற இணைப்புப் புரதம், ஜாஸ்தி, வயசாக வயசாக அது இறுகிப் போகும். அந்த கொலாஜன் கரையணும்னா ஈரமான சூட்டுல, 70 டிகிரிக்கு மேல, மணிக்கணக்கா வேகணும். எட்டு நிமிஷ ஸ்டேக்ல அது எப்படி நடக்கும்? அதோட காலையில அறுத்து மதியமே சமைச்சா தசை இன்னும் விறைச்சே இருக்கும்.

ஸ்டேக்தான் வேணும்னா கடைக்காரர்கிட்ட அண்டர்கட் வேணும்னு முன்னாடியே சொல்லி வைங்க. முதுகெலும்புக்கு அடியில நீளமா இருக்கிற தசை, அது நடக்குறதுக்கு இழுக்குறதுக்கு எல்லாம் அவ்வளவா வேலை செய்யாது, அதனால வயசான மாட்டுலயும் அது மெதுவா இருக்கும். ஒரு மாட்டுல ரெண்டுதான் இருக்கும், ஹோட்டல்காரங்க முதல்லயே புக் பண்ணிடுவாங்க. வாங்கிட்டு வந்து மேல இருக்கிற வெள்ளைத் தோலை கத்தியால நீட்டா உரிச்சு எடுத்துட்டு, மூடி, ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரிக்கு கீழ ரெண்டு நாள் வச்சு அப்புறம் செய்ங்க. பச்சை பப்பாளி அரைச்சு தடவலாம், ஆனா ஒரு ஸ்பூன், அரை மணி நேரம், அதுக்கு மேல விட்டா மேல்பக்கம் மாவு மாதிரி குழைஞ்சுடும், உள்ள ஒண்ணும் நடக்காது. எருமைக்கறியில கொழுப்பு கம்மி, அதனால 65 தாண்டினா ரொம்ப சீக்கிரம் காஞ்சிடும், நிறமும் கருஞ்சிவப்பா இருக்கும், அதைப் பாத்து வேகலன்னு நினைக்காதீங்க. திறந்த வெளியில தொங்க விட்டிருந்த கறிய உள்ள பச்சையா இருக்கும்போது சாப்பிட வேண்டாம், நாடாப்புழுவோட இளம்புழுக் கூடு தசைக்குள்ளயே இருக்கலாம், அது வெளிய மட்டும் சுட்டா சாகாது. 63 வந்து மூணு நிமிஷம் நின்னா அந்த பயமும் இல்ல.

அண்டர்கட் கிடைக்கலையா, விடுங்க. தொடைக்கறியை வச்சு ஸ்டேக் போராட்டம் வேண்டாம், குக்கர்ல போட்டு தேங்கா பல்லோட கேரளா உலர்த்தியது மாதிரி வறுத்து எடுங்க. அந்த கறிக்கு பொருத்தமான சமையல் அதுதான், அதுல வர்ற ருசி அண்டர்கட்ல வராது.

லண்டன்ல இருக்கேன், வயசு 61, ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சாங்க. சிவப்பு இறைச்சியே கூடாதுன்னு சிலர், கேன்சர் வரும்னு சிலர். ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்டேக் சாப்பிடுறது ஒண்ணுதான் என் சந்தோஷம். அதையும் விட்டுடணுமா?

உங்க இதய டாக்டர் கண்டிப்பா கூடாதுன்னு சொல்லியிருந்தா அதுதான் கடைசி வார்த்தை ஐயா. அப்படி சொல்லலன்னா வாரம் ஒரு தடவைய நான் விடச் சொல்ல மாட்டேன், எந்த துண்டு, எவ்வளவுங்கிறதை மாத்துங்க. ரிப்ஐ, அதாவது விலாப்பக்கத்துத் துண்டுல 100 கிராமுக்கு 20 கிராம் கொழுப்புக்கு மேல போகும், ஓரக்கொழுப்பை வெட்டி எடுத்த ரம்ப்ல, அதாவது பின்பக்கத்துத் துண்டுல, 6ல இருந்து 10 கிராம்தான். இந்தக் கொழுப்புல ஒரு பகுதி நிறைகொழுப்பு, வெண்ணெயில ஜாஸ்தி இருக்கிற வகை; ஆண்களுக்கு அது ஒரு நாளைக்கு 30 கிராமுக்கு மேல வேண்டாம்னு உங்க ஊர்ல சொல்றாங்க, இதய நோய் இருக்கிறவங்களுக்கு அதுக்கும் கம்மியாத்தான் சொல்லுவாங்க. பெரிய ரிப்ஐயும் வெண்ணெயும் சிப்ஸும் சேந்தா ஒரே சாப்பாட்டுல முக்கால்வாசி முடிஞ்சிடும். ரம்ப்போ ஃபில்லெட்டோ (மேல சொன்ன அண்டர்கட்தான்) வாங்குங்க, வெண்ணெய் வேண்டாம், வேகவச்ச காய் நிறைய வைங்க.

கேன்சர் விஷயம், 2015 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்னது இதுதான்: பேக்கன், சாசேஜ், ஹாம் மாதிரி பதப்படுத்தின இறைச்சி புற்றுநோய் வரவைக்கும்னு உறுதி, சிவப்பு இறைச்சி வரவைக்க வாய்ப்பு உண்டு. பதப்படுத்தினது தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும்னு கணக்கு சொன்னாங்க. சிகரெட்டும் அதே பட்டியல்ல இருக்குன்னு வாட்ஸ்அப்ல பரப்புறாங்க, அந்த பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதின்னு சொல்றது, ரெண்டும் ஒரே அளவு ஆபத்துன்னு சொல்றது இல்ல. உலக புற்றுநோய் ஆய்வு நிதியம் வாரத்துக்கு வெந்த கறி 350ல இருந்து 500 கிராமுக்கு மேல வேண்டாம்னு சொல்லுது. உங்க ஞாயித்துக்கிழமை ஸ்டேக் 150 கிராம்னா நீங்க அதுக்கு ரொம்ப கீழதான். ஆனா காலையில பேக்கன் சாண்ட்விச் சாப்பிடுற பழக்கம் இருந்தா முதல்ல அதை நிறுத்துங்க, மனசார சொல்றேன். கரி பிடிக்கிற அளவுக்கு தீயில வாட்டவும் வேண்டாம், கருகின பகுதியில கேடான ரசாயனங்கள் உண்டாகுது. யூரிக் ஆசிட், கிட்னி பிரச்சினை இருந்தா இந்த அளவெல்லாம் செல்லாது, டாக்டர்கிட்ட கேளுங்க.

முதல்ல அதிக தீயில வாட்டினா சாறு உள்ளயே லாக் ஆயிடும்னு சொல்றது உண்மையா?

இல்ல. 19-ம் நூற்றாண்டுல லீபிக்ங்கிற ஜெர்மன் வேதியியல் அறிஞர் சொன்னது, இன்னைக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு. வாட்டின கறியையும் வாட்டாத கறியையும் எடை போட்டுப் பாத்தவங்க வாட்டினதுல தண்ணி ஒண்ணும் கூடுதலா மிஞ்சலன்னு காட்டிட்டாங்க, சட்டியில போட்டதும் சொய்ங்னு சத்தம் வருதே, அதுவே சாறு வெளிய வர்ற சத்தம்தான். ஆனா வாட்டுறது அவசியம், ருசிக்காக. 140 டிகிரி தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் சேந்து நூத்துக்கணக்கான மணங்களை உண்டாக்கும், 1912-ல மைலார்ங்கிற பிரெஞ்சுக்காரர் இதைப் பத்தி எழுதினார், அவர் பேர்லயே சொல்றாங்க. நம்ம தோசை முறுகுறதும் இதே வேலைதான்.

ஜிம் போறேன். 200 கிராம் ஸ்டேக்ல எவ்வளவு புரோட்டீன்?

பச்சையா எடை போட்டியா, வெந்தப்புறமான்னு பாரு தம்பி. பச்சையா 200 கிராம்ல 42 கிராம் பக்கம் புரோட்டீன் இருக்கும், வெந்ததும் தண்ணி போய் 150 கிராம் ஆயிடும், புரோட்டீன் அதே 42தான். வெந்த கறி 200 கிராம்னா 55 பக்கம் வரும். தினமும் இதையே சாப்பிடாத, முட்டை, மீன், கோழி, சுண்டல்னு மாத்தி மாத்தி சாப்பிடு.

மசாலா தடவி ஸ்டேக் போடலாமா? உப்பு மட்டும் போட்டா நம்ம நாக்குக்கு சப்புன்னு இருக்கே?

இத்தாலியில ஃப்ளாரன்ஸ்ல மூணு நாலு விரல் கனத்துக்கு டி-போன், அதாவது T வடிவ எலும்போட இருக்கிற துண்டை கரி அடுப்புல சுட்டு உப்பு, மிளகு, ஆலிவ் எண்ணெயோட நிறுத்திக்குவாங்க, அர்ஜென்டினாவுல சுடும்போது பெரும்பாலும் கல்லுப்பு மட்டும்தான், பாரிஸ்ல மிளகை ஒண்ணும் பாதியுமா தட்டி மேல அப்பி கிரீம் சாஸோட குடுப்பாங்க. மூணு இடத்துலயும் பொடி மசாலா கிடையாது. பொடிக்கு சூடுதான் பிரச்சினை. 200 டிகிரிக்கு மேல இருக்கிற கல்லுல மிளகாத்தூளும் மல்லித்தூளும் கறி நிறம் வர்றதுக்கு முன்னாடியே கருகி கசக்கும். அதனால கறி வெந்து தீயை குறைச்சதுக்கப்புறம் வெண்ணெயில தட்டின மிளகு, கறிவேப்பிலை, கீறின பச்சை மிளகா, பூண்டு போட்டு அதை மேல ஊத்துங்க. இறக்கி வச்ச சட்டியில ஒட்டியிருக்கிற பழுப்பை கொஞ்சம் தண்ணி விட்டு சுரண்டி, எலுமிச்சை பிழிஞ்சு, அதையே சாஸா வச்சுக்கலாம், ரொம்ப நல்லா இருக்கும்.

கறிய கழுவணுமா? ஃப்ரீசர்ல இருந்து எடுத்து எப்படி உருக வைக்கிறது? மீந்தா சூடு பண்ணலாமா?

பாக்கெட் ஸ்டேக்கை கழுவ வேண்டாம், தண்ணி தெறிச்சு கிருமி சிங்க் முழுக்க பரவும், பேப்பர்ல துடைச்சா போதும். கடையில எலும்புத்தூள், மண் ஒட்டியிருந்தா கழுவித்தான் ஆகணும், மெதுவா ஒரு பாத்திரத்துல வச்சு கழுவி சிங்கை சோப்பு போட்டு தேச்சிடுங்க. உருக வைக்கிறது முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ் அடித்தட்டுல, கீழ ஒரு தட்டு வச்சு. கிச்சன் மேடையில வச்சுட்டு ஆபீஸ் போகாதீங்க, நம்ம ஊர் வெயில்ல ரெண்டு மணி நேரமே ஜாஸ்தி. மீந்ததை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சு, மூணு நாளைக்குள்ள முடிச்சிடுங்க. மைக்ரோவேவ்ல திரும்ப சூடு பண்ணினா ஸ்டேக் காஞ்சு போகும், மெல்லிசா அரிஞ்சு வெங்காயம், முட்டையோட கொத்து பரோட்டாவுல போட்டு ஆவி பறக்க வதக்கி எடுங்க.